மின்வில் வெடிப்பு: தொழிலாளியைக் காப்பது எது?

மின்சாரத்தைத் தொட்டால் உயிர் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொடாமலேயே போகும் என்பதும் பேனலில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழக்கத்தில் தெரியும். "ஃபிளாஷ் அடித்துவிட்டது" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் பொறியியலும் சட்டமும் இதைத் தனி ஆபத்தாக ஏற்றுக்கொண்டு ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

நடப்பது இதுதான். 415 வோல்ட் ஓடும் ஒரு பேனலுக்குள் இரண்டு பஸ்பார்களுக்கு நடுவே ஸ்பேனர் விழுகிறது. அல்லது கேபிள் நுழையும் ஓட்டை வழியாக வந்த பல்லி குறுக்கே ஊர்கிறது. அல்லது டெஸ்ட் லீடை மீட்டரின் ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு ஒருவர் வோல்ட் பார்க்கிறார். அந்தக் கணத்தில் காற்றே கடத்தியாகி மின்வில் பிறக்கிறது. ஸ்பேனர் எரிந்துபோன பிறகும் வில் நிற்பதில்லை. மேலே இருக்கும் பிரேக்கரோ ஃபியூஸோ அறுக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். வில்லின் முனைகளில் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச அளவு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரிதான். செம்பு ஆவியாகும்போது ஏறத்தாழ 67,000 மடங்கு விரிகிறது. நீர் ஆவியாகும்போது விரிவது சுமார் 1,670 மடங்கு. ஆகவே வெப்பத்தோடு அழுத்த அலையும், உருகிய உலோகத் துளிகளும், பிய்ந்து பறக்கும் தகடுகளும், காதைக் கிழிக்கும் சத்தமும் சேர்ந்தே வருகின்றன.

இவற்றிலிருந்து அந்தப் பேனலின் முன் நிற்பவரை எது காக்கும்? இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன: ரப்பர் கையுறை, கணக்கு, தீ தாங்கும் உடை, வேகமான ரிலே, மின்சாரத்தை அணைத்துவிட்டு வேலை செய்யும் ஒழுங்கு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு நாட்டின் தேவைக்காகப் பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் வலுவும் உண்டு, ஓட்டையும் உண்டு.

ஷாக் மட்டுமே ஆபத்தாக இருந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மின் பாதுகாப்பு என்றால் மின்னதிர்ச்சிப் பாதுகாப்புதான். உடல் வழியே எத்தனை மில்லிஆம்பியர் பாய்ந்தால் பிடித்த கம்பியை விட முடியாமல் போகும், எவ்வளவு பாய்ந்தால் இதயத் துடிப்பு குலையும் என்பதை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்ஸீல் ஆராய்ந்தார். கசிவு மின்னோட்டத்தைக் கண்டு இணைப்பை அறுக்கும் கருவியும் அவருடைய ஆய்விலிருந்தே வந்தது. அந்தப் பார்வையில் ஆபத்து என்பது உடலுக்குள் பாயும் மின்னோட்டம். மருந்து காப்பிடுதல்: ரப்பர் கையுறை, ரப்பர் மேட், எர்த்திங்.

இந்தியாவின் விதிகளும் இதே வார்ப்பில் அமைந்தவை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், அவற்றை அடுத்து 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளும் தொழிலாளிக்குத் தரவேண்டிய சாதனங்களைப் பட்டியலிட்டன. கையுறை, ரப்பர் காலணி, பாதுகாப்பு பெல்ட், ஏணி, எர்த்திங் கருவி, ஹெல்மெட், லைன் டெஸ்டர் ஆகியவை அதில் இருந்தன. பேனல் அறைக்குள் நுழைந்தால் இதே சிந்தனையைச் சுவரிலும் தரையிலும் பார்க்கலாம். கதவில் மண்டையோட்டு அபாயப் பலகை. தரையில் ஐ.எஸ். 15652 தரத்துக்கு உட்பட்ட ரப்பர் மேட். மூலையில் மணல் வாளி. சுவரில் சட்டமிட்ட மின்னதிர்ச்சி விளக்கப்படம். நினைவிழந்தவரைக் கம்பியிலிருந்து பிரித்து மூச்சை மீட்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டியிருக்கும். ஷாக்குக்கு இவை அத்தனையும் தேவை. ஆனால் முகத்தை நோக்கிப் பாயும் அனல் காற்றைப் பற்றி அந்த அறையில் எதுவும் பேசுவதில்லை.

1982: லீ போட்ட கணக்கு

இந்த மௌனத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் ரால்ஃப் லீ. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மின்பொறியாளர். 1982இல் மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் ஆய்விதழில் வெளியான அவருடைய கட்டுரை, மின் விபத்துத் தீக்காயங்களில் கணிசமானவை உடலுக்குள் பாய்ந்த மின்சாரத்தால் வருவதில்லை, வெளியிலிருந்து வந்த அனலால் வருகின்றன என்று வாதிட்டது. வில்லிலிருந்து சுமார் 5 அடிக்குள் நிற்பவர் தீக்காயத்தால் சாகலாம், 10 அடி தள்ளி நிற்பவருக்கும் பெரிய காயம் வரலாம் என்று அது கணக்குக் காட்டியது.

லீயின் முறை கோட்பாட்டில் எழுந்தது. ஒரு மின்னமைப்பு வில்லுக்குத் தரக்கூடிய அதிகபட்சத் திறன், முழு ஷார்ட் சர்க்யூட்டின்போது அந்த அமைப்பு காட்டும் திறனில் பாதி என்பது அவருடைய அடிப்படை. அந்தத் திறன் முழுவதும் எல்லாத் திசைக்கும் சமமாக வெப்பமாகப் பரவுகிறது என்று எடுத்துக்கொண்டால், எந்தத் தூரத்தில் எவ்வளவு வெப்பம் படும் என்று எழுதிவிடலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து அழுத்த அலைக்கும் அவர் கணக்கு எழுதினார்.

இந்த முறையின் குறை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. திறந்தவெளியில், அதுவும் உயர் மின்னழுத்தத்தில், உண்மையான வில் அந்த உச்சத் திறனை எட்டுவது அரிது. எனவே லீயின் எண் தேவைக்கு மிக அதிகமாக வரும். பேனல் பெட்டிக்குள் எழும் வில்லோ நான்கு பக்கமும் சிதறுவதில்லை. பின்சுவரில் மோதித் திறந்த கதவு வழியே முழு அனலும் முன்னால் நிற்பவர்மேல் வருகிறது. அங்கே லீயின் எண் குறைவாக வரக்கூடும். அவருடைய பெரிய பங்களிப்பு சூத்திரத்தைவிடக் கேள்வியில் இருந்தது என்று கருதலாம். கம்பியை எவ்வளவு நெருங்கலாம் என்று மட்டும் கேட்டுவந்த துறையை, உடலின்மேல் எத்தனை கலோரி படும் என்று கேட்க வைத்தார்.

1.2 கலோரி என்ற கோடு

சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி. இன்று உலகம் முழுவதும் மின்வில் வெடிப்பின், அதாவது ஆர்க் ஃபிளாஷின், அபாய எல்லையை வரைவது இந்த ஓர் எண்தான். மூடாத தோலில் இவ்வளவு வெப்பம் பட்டால் இரண்டாம் நிலைத் தீக்காயம், அதாவது கொப்புளம் எழுந்து பிறகு ஆறக்கூடிய காயம், தொடங்கும் என்று கொள்ளப்படுகிறது. இந்த மரபின் வேர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அங்கே ஆலிஸ் ஸ்டாலும் மரியா சியாந்தாவும் விமானிகளை மனத்தில் கொண்டு, தோல் எவ்வளவு வெப்பத்தை எத்தனை நொடி தாங்கும் என்று ஆராய்ந்து 1969இல் ஒரு வளைகோட்டை வெளியிட்டனர்.

தீக்காயம் மொத்த வெப்பத்தை மட்டும் பொறுத்ததன்று, அது எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தது என்பதையும் பொறுத்தது. இதை முன்வைத்து, மிகக் குறுகிய வில்லுக்கும் நீண்ட வில்லுக்கும் ஒரே எண்ணை வைப்பது சரியா என்று சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவின் மின்பணிப் பாதுகாப்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 70இயே 2004 பதிப்பில், 0.1 நொடிக்குள் அறுபடும் வில்லுக்கு 1.5 கலோரி என்ற தளர்வைத் தந்திருந்தது. பின்னர் அது 1.2க்கே திரும்பியது. எளிய ஒரே எண் களத்தில் குழப்பத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அதேசமயம், அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குக் காயமே வராது என்று அது உறுதி சொல்லவில்லை. ஆறக்கூடிய காயம் வரலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கோடே வரையப்பட்டிருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் இது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட வேண்டும்.

ஆய்வகத்தில் அளந்த வில்

1990களில் கோட்பாட்டின் இடத்துக்குச் சோதனை வந்தது. பெட்டிக்குள் செம்புத் தண்டுகளை நிறுத்தி, வில்லை எழுப்பி, எதிரே வெப்ப உணரிகளை வைத்து அளந்தார்கள். இந்த வழியில் சுமார் 300 சோதனைகளின் அடிப்படையில் 2002இல் ஐ.இ.இ.இ. 1584 வழிகாட்டி வந்தது. அதன்பின் ஐ.இ.இ.இ.யும் என்.எஃப்.பி.ஏ.வும் சேர்ந்து 1,800க்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தி, 2018இல் அந்த வழிகாட்டியை முழுக்க மாற்றி எழுதின. 208 வோல்ட் முதல் 15,000 வோல்ட் வரையுள்ள மும்முனை மாறுதிசை மின்னமைப்புகளுக்கு இன்று பெரும்பாலானோர் கைக்கொள்ளும் முறை இதுவே.

முதல் பதிப்பின் பெரிய குறை தண்டுகளின் திசையில் இருந்தது. அதன் சோதனைகளில் தண்டுகள் செங்குத்தாகத் தொங்கின. பஸ்பார் தொழிலாளியை நோக்கிக் கிடையாக நீண்டிருந்தால் மின்காந்த விசை பிளாஸ்மாவை நேராக அவர்மேல் தள்ளுகிறது. அப்போது படும் வெப்பம் கணிசமாகக் கூடுகிறது. 2018 பதிப்பு இதை ஏற்று ஐந்து வகை அமைப்புகளைப் பிரித்துக்காட்டியது. பழைய கணக்கில் மிதமான எண் பெற்ற சில பேனல்கள் புதிய கணக்கில் மேலே ஏறின.

திருத்தம் நல்லது, ஆனால் அது புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. கதவுக்குப் பின்னால் இருக்கும் பஸ்பார் எந்த வகையில் சேரும் என்பதைக் கணக்குப் போடும் பொறியாளர் தன் தீர்ப்பில் முடிவு செய்கிறார். ஒரே பேனலுக்கு இரண்டு தேர்ந்த பொறியாளர்கள் இரண்டு எண் தரலாம். இருவரும் விதியை மீறியிருக்க மாட்டார்கள். மின் வாரியத்தின் பக்கமிருந்து வரும் ஃபால்ட் லெவல் பழைய தாளிலிருந்து எடுக்கப்பட்டால் எண் மேலும் நகரும்.

எண் எங்கே பொருந்தும் என்பதும் கவனிக்க வேண்டியது. பேனலில் ஒட்டிய எச்சரிக்கை லேபிளில் "8 கலோரி" என்று இருந்தால் அது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கான எண். மோட்டார் கட்டுப்பாட்டுப் பேனலுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது 455 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒன்றரை அடி. நிமிர்ந்து நின்று கையை நீட்டி வேலை செய்பவரின் முகமும் மார்பும் வில்லிலிருந்து தள்ளி இருக்கும் தூரம் அது. டெர்மினலைப் பிடித்திருக்கும் விரல்கள் அதைவிட மிக அருகில் இருக்கின்றன; அங்கே வெப்பம் பல மடங்கு. கேபிள் லக்கை உற்றுப் பார்க்கக் குனிந்தால் முகமும் அந்தத் தூரத்தில் இல்லை. லேபிள் இதையெல்லாம் சொல்வதில்லை.

பொறியியல் உள்ளுணர்வைத் தலைகீழாக்கும் உண்மை ஒன்றும் இந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. 1,000 கேவிஏ, 5 சதவீத இம்பீடன்ஸ் கொண்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட் பக்கத்தில் முழு லோடு மின்னோட்டம் சுமார் 1,390 ஆம்பியர். முழு ஷார்ட் சர்க்யூட் ஏறத்தாழ 27,800 ஆம்பியர். வில்லுக்கே மின்தடை இருப்பதால் வில் வழியே பாய்வது அதைவிடக் குறைவு. குறைவு என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் குறைந்த மின்னோட்டத்தைப் பிரேக்கர் உடனடி ஃபால்ட்டாகக் காணாமல் ஓவர்லோடாக எடுத்துக்கொண்டால் அறுக்க நேரம் பிடிக்கும். உடலில் படும் வெப்பம் நேரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. 0.1 நொடியில் 6 கலோரி என்றால் அதே வில் ஒரு நொடி நீடித்தால் 60. டிரான்ஸ்ஃபார்மருக்கும் மெயின் பிரேக்கருக்கும் இடைப்பட்ட பகுதி மிக மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுவே: அங்கே எழும் வில்லை எல்.டி. (தாழ் அழுத்த) பிரேக்கர் அறுக்க முடியாது, எச்.டி. (உயர் அழுத்த) பக்கத்து ரிலேதான் அறுக்க வேண்டும்.

எத்தனை நேரம் வரை கணக்கில் கொள்வது? இரண்டு நொடியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதற்குள் மனிதர் விலகிவிடுவார் என்பது ஊகம். பின்னால் சுவர், பக்கத்தில் கேபிள் டிரெஞ்ச், இடுக்கில் ஒண்டி நின்று வேலை செய்பவருக்கு அந்த ஊகம் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி.

உடை: கண்ணுக்குத் தெரியும் விடை

ஆர்க் ஃபிளாஷ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தலை முதல் கால் வரை மூடிய கனத்த சூட். என்.எஃப்.பி.ஏ. 70இ நான்கு வகை சொல்கிறது. குறைந்தபட்சத் தாங்குதிறன் முறையே 4, 8, 25, 40 கலோரி. துணியின் தாங்குதிறன் சோதனையில் நிர்ணயிக்கப்படுகிறது. வழக்கமான அளவுகோலின் பொருள், அவ்வளவு வெப்பம் பட்டால் துணிக்குப் பின்னால் உள்ள தோலில் இரண்டாம் நிலைக் காயம் தொடங்குவதற்கு 50 சதவீத வாய்ப்பு உண்டு என்பது. 8 கலோரி துணி 8 கலோரி வரை முழுப் பாதுகாப்பு என்று வாங்குபவர் நினைத்தால், அது தவறு.

ஐரோப்பா வேறு வழியில் போனது. அங்கே பெட்டிச் சோதனை: 4 கிலோஆம்பியர், 7 கிலோஆம்பியர் என்ற இரண்டு நிலைகளில் அரை நொடி வில்லைத் துணியின்மேல் பாய்ச்சி இரண்டு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். இந்த வகுப்புகளையும் அமெரிக்கக் கலோரி எண்களையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற நம்பத்தகுந்த வாய்ப்பாடு இல்லை. இரண்டு சந்தைகளிலிருந்தும் துணி வாங்கும் இந்தியா போன்ற நாட்டில் இது வெறும் நுணுக்கம் அன்று; டெண்டரில் ஒரு முறையைக் கேட்டுவிட்டு மறுமுறைச் சான்றிதழை ஏற்றால் என்ன வாங்கினோம் என்பதே தெரியாது.

உடையின் வாதத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு: எதை அணியக்கூடாது என்பது. பாலியஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட துணியை, கலப்பாக இருந்தாலும், மின் உற்பத்தி, விநியோகப் பணியில் வில்லை எதிர்கொள்ள நேரும் தொழிலாளிகள் அணிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1994லேயே தடை போட்டது. நம் ஆலைகளில் மெயின்டெனன்ஸ் பிரிவுக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிபார்ம் பெரும்பாலும் டெரிகாட்டன்தான். மலிவு, சுருங்காது, சீக்கிரம் காயும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது. 40 கலோரி சூட் வாங்குவதற்கு முன்பே, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இங்கே காத்திருக்கிறது.

எதிர்த் தரப்பின் வாதங்களும் கனமானவை. சூட் வெப்பத்துக்கானது, அழுத்த அலையையும் பறக்கும் தகட்டையும் அது தடுக்க அளக்கப்படவில்லை. 40 கலோரிக்கு மேல் உடை பயனில்லை என்று ஒரு காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டதற்குக் காரணம் வெடிப்பு குறித்த இந்த அச்சமே. 70இயில் அதையொட்டி இருந்த குறிப்பு பின்னர் நீக்கப்பட்டது, ஏனெனில் வெப்ப எண்ணுக்கும் அழுத்தத்துக்கும் அப்படி நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. சித்திரை வெயிலில், காற்றோட்டமில்லாத சப்ஸ்டேஷனுக்குள் கனத்த சூட்டும் மூடிய ஹூடும் போட்டு நிற்பவரின் நிலை தனிக் கேள்வி. வியர்வையில் கண்ணாடி மங்கி, இரண்டு அடுக்குக் கையுறையில் போல்ட் தட்டுப்படாமல் கைநழுவினால், காக்க வந்த உடையே விபத்துக்கு ஒரு காரணமாகக்கூடும். சூட் எண்களை எழுதியவர்கள் நம் பகுதியின் வெயிலை எண்ணி எழுதவில்லை.

வில்லின் ஆயுளைக் குறைப்பது

வெப்பம் நேரத்துக்கு நேர்விகிதம் என்றால், நேரத்தைக் குறைப்பதே நேரான வழி. மின்வில்லின் ஒளியைக் கண்டதும் சில மில்லிநொடியில் கட்டளையிடும் ஒளி உணரி ரிலேக்கள், பராமரிப்பின்போது மட்டும் பிரேக்கரை உடனடி அறுப்புக்கு மாற்றும் சுவிட்ச், வில்லைத் தோற்கடிக்க வேண்டுமென்றே மூன்று முனைகளையும் இணைத்துவிடும் அதிவேக எர்த்திங் கருவி எனப் பல இருக்கின்றன. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃபியூஸ் அரைச் சுற்றுக்குள், 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிநொடிக்குள், அறுத்துவிடும். ஆனால் ஃபால்ட் அதன் வீச்சுக்குள் இருந்தால் மட்டுமே. தள்ளி நின்று பிரேக்கரை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் (ராக் இன், ராக் அவுட்) உதவும் மோட்டார் கருவி நேரத்தைத் தொடுவதில்லை, மனிதரைத் தூரத்தில் நிறுத்துகிறது. பல சமயம் அதுவே சிறந்த செலவு.

வில் தாங்கும் ஸ்விட்ச்கியர் மற்றொரு வழி. ஐ.இ.சி. 62271-200 என்ற பன்னாட்டுத் தரநிலையின் சோதனையில் கதவைச் சாத்தி உள்ளே வில்லை எழுப்பி, வெளியே 30 சென்டிமீட்டர் தள்ளிக் கறுப்புப் பருத்தித் துணிகளை நிறுத்துகிறார்கள். துணி தீப்பிடிக்கக்கூடாது என்பது தேர்ச்சிக்கான முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. அந்தத் துணி நிற்கும் இடம் ஆபரேட்டர் நிற்கும் இடம். கடுமையான, நேர்மையான சோதனை. ஆனால் முழுக்கவும் மூடிய கதவுக்கானது. கதவைத் திறந்த மறுகணம் சான்றிதழுக்குப் பொருளில்லை. பராமரிப்பு வேலையோ கதவைத் திறந்துதான் நடக்கிறது.

இந்தத் தரப்பின் ஆழமான பலவீனம் வேறொன்று. கணக்கில் இருக்கும் அறுப்பு நேரம் புதுப் பிரேக்கரின் கேட்டலாக்கில் உள்ள நேரம். ஆண்டுக்கணக்கில் அசையாமல், கிரீஸ் காய்ந்து, தூசி அடைந்து நிற்கும் ஏ.சி.பி. பிரேக்கர் அந்த நேரத்தில் அறுக்குமா? அறுக்காவிட்டால் லேபிளில் உள்ள எண்ணும் அதை நம்பி வாங்கிய சூட்டும் வீண். பராமரிப்பு குறித்த என்.எஃப்.பி.ஏ. 70பி நெடுங்காலம் பரிந்துரையாகவே இருந்து 2023இல்தான் தரநிலையானது. ஆர்க் ஃபிளாஷ் ஆய்வறிக்கைக்குப் பணம் ஒதுக்கும் ஆலை, ரிலே டெஸ்டிங்குக்கும் பிரேக்கர் சர்வீசுக்கும் ஒதுக்காவிட்டால் அந்த அறிக்கை அலமாரிக்குத்தான் பயன்படும்.

அணைத்துவிட்டு வேலை செய்

எல்லாவற்றிலும் பழையது, எளியது இந்த விடை. பிரிட்டனின் 1989ஆம் ஆண்டு மின்பணி ஒழுங்குமுறைகளில் 14ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: அணைத்துச் செய்வது எல்லாச் சூழலையும் பார்த்து நியாயமற்றதாக இருக்க வேண்டும்; மின்சாரம் உள்ள கம்பியருகே தொழிலாளி இருப்பது நியாயமாக இருக்க வேண்டும்; தக்க முன்னெச்சரிக்கை எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மட்டுமே லைவ் வேலை. அமெரிக்காவின் சட்டமும் அணைப்பதையே முதல் கடமையாக வைக்கிறது. 70இ 2018 பதிப்பில் ஆபத்தை நீக்குவதை முதலிடத்திலும் உடையைக் கடைசி இடத்திலும் வைத்த வரிசை கட்டாயமானது.

நம் லைன்மேன்களின் பேச்சில் இது "எல்.சி. வாங்குவது". லைன் கிளியர் கிடைத்து, ஐசொலேட் செய்து, டெஸ்டரால் பார்த்து, இரு பக்கமும் எர்த் ராடு போட்டபிறகே கை வைப்பது. இந்த ஒழுங்கு முழுமையாக நடந்தால் ஷாக்கும் வில்லும் ஒருசேர நீங்கும். வேறெந்த விடைக்கும் அந்தப் பலம் இல்லை.

இருந்தும் இரண்டு இடறல்கள். மின்சாரம் இல்லை என்று உறுதிப்படுத்தும் சோதனையே, உறுதியாகும்வரை ஒரு லைவ் வேலை. அணைப்பதற்கும் பிரேக்கரை வெளியே இழுப்பதற்கும் ஒருவர் பேனல் முன் நின்றாக வேண்டும். ஆகவே உடை அடியோடு தேவையற்றதாகிவிடாது. மற்றது, ஷட்டவுன் யார் கையில் இருக்கிறது என்பது. உற்பத்தி நிற்கக்கூடாது என்று மேலாளர் சொல்லும்போது, கான்டிராக்டில் வந்த வயர்மேன் "அணைக்காமல் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லும் நிலையில் இல்லை. விதி சொல்லும் "நியாயம்" யாருடைய நியாயம் என்பது அங்கே முடிவாகிறது. லைவ் வேலைக்கு எழுத்துப்பூர்வப் பெர்மிட் வேண்டும், அதில் அணைக்க முடியாததற்கான காரணத்தை எழுதி ஒரு பொறுப்பாளர் கையொப்பமிட வேண்டும் என்ற முறைக்கு இதனால்தான் மதிப்பு. காரணத்தை எழுத வேண்டியிருக்கும்போது பல அவசரங்கள் அவசரமாக இருப்பதில்லை.

சட்டம் எதைக் கேட்கிறது

அமெரிக்காவில் 70இ சட்டமன்று. ஓஷாவின் வேண்டுகோளின்பேரில் 1976இல் அமைந்த குழு 1979இல் முதல் பதிப்பை வெளியிட்டது. ஆர்க் ஃபிளாஷ் எல்லை 1995 பதிப்பில் நுழைந்தது. ஓஷா இதை அப்படியே விதியாக்கவில்லை. ஆபத்து முன்பே அறியப்பட்டது என்பதற்குச் சான்றாகப் பயன்படுத்துகிறது. வெப்ப ஆற்றலை மதிப்பிட்டே ஆகவேண்டும் என்று நேரடியாகக் கட்டளையிட்டது 2014இல், அதுவும் மின் உற்பத்தி, கடத்தல், விநியோகப் பணிகளுக்கு.

இந்தியாவில் நிலைமை சிதறிக் கிடக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு தொழிலாளியின் பாதுகாப்பைப் பொதுக் கடமையாக உரிமையாளர்மேல் வைத்தது. அந்தச் சட்டத்தை, 2025இல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு உள்வாங்கியது. மின்பக்கம் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள்; 2010இன் இடத்தில் 2023இல் புதியவை வந்தன. தமிழ்நாட்டில் ஆலைப் பாதுகாப்பைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், மின்னமைப்பை மின் ஆய்வுத் துறையும் பார்க்கின்றன. பொதுக் கடமை இருக்கிறது, மேற்பார்வை இருக்கிறது. ஆனால் பேனலுக்குப் பேனல் கலோரியைக் கணக்கிடும் பழக்கம் பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் தலைமையகத்தின் விதிப்படி கொண்டுவந்ததாகவே தெரிகிறது. அதன் பின்விளைவாக, 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் நாட்டில் எழுதிய அட்டவணைகள் இங்கே அப்படியே வருகின்றன. 70இ அட்டவணையில் ஒரு மோட்டார் கட்டுப்பாட்டுப் பேனல் வகை 2 ஆவதற்கு ஃபால்ட் 0.03 நொடியில் அறுபட வேண்டும், 0.33 நொடியானால் அதே வகைப் பேனல் வகை 4. அடிக்குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து ஒட்டினால் 40 கலோரி தேவைப்படும் இடத்தில் 8 கலோரி உடையோடு ஆள் நிற்பார்.

முடிவாகாதவை

உடை, கணக்கு, வேகமான அறுப்பு, அணைத்தல் இவற்றில் எது முதன்மை என்ற கேள்வியில் கருத்தொற்றுமை ஓரளவு உருவாகிவிட்டது: முடிந்த இடத்தில் அணை, முடியாத இடத்தில் நேரத்தைக் குறை, மிச்சத்துக்கு உடை. ஏட்டில் இந்த வரிசையை மறுப்போர் அதிகமில்லை. நடைமுறையில் தணிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது லேபிளும் சூட்டும் என்பதால் இணக்கம் அவற்றில் போய்க் குவிகிறது. இது மாறுமா என்பது தொழில்நுட்பத்தைவிட ஆய்வு செய்பவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

அறிவியலில் திறந்திருக்கும் பகுதி சிறியதன்று. அழுத்த அலைக்கும் உருகிய துளிகளுக்கும் 1584 போல ஏற்கப்பட்ட முறை இன்னும் இல்லை. நேர்திசை மின்னோட்டம் அந்த வழிகாட்டிக்கு வெளியே நிற்கிறது. 2010 வாக்கில் வந்த நேர்திசைக் கணக்கு முறைகளில் ஒன்று மீண்டும் லீயைப் போல உச்சத் திறன் ஊகத்தில் தொடங்கியது. ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016லேயே வந்துவிட்டது. 1,000 வோல்ட், 1,500 வோல்ட் நேர்திசை அமைப்புகள் இன்று சாதாரணம். சூரியத் தகட்டின் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் அதன் இயல்பான மின்னோட்டத்தைவிடச் சற்றே அதிகம் என்பதால் ஃபியூஸ் வில்லைக் கண்டுகொள்ளாமலே இருக்கலாம். பகல் வெளிச்சம் இருக்கும்வரை தகட்டை அணைக்கவும் முடியாது. "அணைத்துவிட்டு வேலை செய்" என்ற வலுவான விடை தடுமாறும் இடம் அது.

எல்லாவற்றுக்கும் அடியில் எண்ணிக்கையின் குறை இருக்கிறது. அமெரிக்காவில் நாளொன்றுக்கு 5 முதல் 10 ஆர்க் ஃபிளாஷ் விபத்து என்று விற்பனைக் கையேடுகளிலும் பயிற்சித் தாள்களிலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணின் அடிப்படைத் தரவைச் சரிபார்ப்பது கடினம். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மின்சாரம் தாக்கி இறந்தவர்களை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் எனக் கணக்குக் காட்டுகிறது. ஆனால் அதில் எத்தனை பேர் ஷாக்கால் இறந்தார்கள், எத்தனை பேர் வில்லின் அனலால் இறந்தார்கள் என்ற பிரிப்பு இல்லை. பிழைத்து, கையும் முகமும் வெந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தீக்காயப் பிரிவின் சேர்க்கைப் பதிவிலும் விபத்து அறிக்கையிலும் மின்வில்லுக்குத் தனி வகையும், அணைத்து நடந்த வேலையா லைவ் வேலையா என்ற ஒரு கட்டமும் சேர்த்தால், மேலே சொன்ன விடைகளில் எது நம் ஆலைகளில் உயிரைக் காக்கிறது என்பதை ஊகத்தால் அன்றிச் சான்றால் பேசத் தொடங்கலாம். அதுவரை வேற்று நாட்டு ஆய்வகத்தின் எண்களைக் கொண்டே இங்குள்ள ஆபத்தை அளந்துகொண்டிருக்க வேண்டியிருக்கும்.